வெள்ளிக்கிழமை நாலு மணி அரட்டை

பாலிடெக்னிக் முடித்த நாங்கள் ஐந்து பேரும் ஓசூர், கிருஷ்ணகிரிப் பக்கம் ஆளுக்கொரு கம்பெனியில் சேர்ந்தோம். பார்த்தே மாதங்களாகிவிட்டன. இணைய அரட்டை அறையில் எல்லாரையும் கூட்டி அந்தாக்ஷரி நடத்தும் ஆசையில், வெள்ளிக்கிழமை நாலு மணி என்று அவசரமாக மெயில் அனுப்பினேன். அன்று பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்தால், அறையில் என் பெயர் மட்டுமே இருந்தது.

அரைமணி கழித்து, ஐவரில் ஒருவனான குருபரப்பள்ளிக் கம்பெனி நண்பன் செல்லில் கூப்பிட்டான். பின்னால் மெஷின் சத்தம்.

“ஏன்டா, உனக்கு லீவுன்னா ஊருக்கே லீவா? எனக்குத் திங்கக்கிழமைடா!”

மின்வெட்டுக்காகக் கம்பெனிக்கு ஒரு கிழமையாக வாரவிடுமுறையை மாற்றி விடுவது அப்போதுதான் உறைத்தது. ஐந்து பேருக்கும் பொதுவான நாளே இல்லை.

“சரிடா, நீ வேலையப் பாரு.”

சென்டரில் பணம் கட்டிய ஒரு மணி நேரத்தில் இன்னும் அரைமணி பாக்கியிருந்தது. அரட்டை அறையில் முதல் பாட்டை நானே தட்டினேன். கொஞ்சம் பொறுத்து, அது முடிந்த எழுத்தில் அடுத்ததையும்.