பாய் சட்டியில் கார்பன் நியூட்ரல்

போன மாதம் ஒரு நாள், ஹனிபா பாய் மலாக்கா காஜா பெராங்கில் எங்கள் வீட்டு வாசலில் மோட்டார் சைக்கிளை நிறுத்தினார். பிரியாணிக்காரர். கல்யாணமோ கந்தூரியோ, இந்த வட்டாரத்தில் அவர் சட்டிதான் ஏறும். அன்றைக்கு மனிதர் முகத்தில் ஈயாடவில்லை.

நான் பல வருஷம் வக்கீல் ஆபீசில் கிளார்க்காக இருந்து ரிட்டயர் ஆனவள். யாருக்கு எதில் கையெழுத்துப் போட வேண்டியிருந்தாலும் முதலில் என் வீட்டுக் கேட்டைத்தான் தட்டுவார்கள். ஃபீஸ் கிடையாது பாருங்கள்!

விஷயம் இதுதான். டவுனில் ஒரு பெரிய ஹோட்டல். மெர்டேக்கா சுதந்திர தின விருந்தில் ஆரம்பித்து, வருஷம் முழுக்க சனிக்கிழமைதோறும் பாய்தான் அங்கே பிரியாணி போட வேண்டும். இதை நம்பி வந்த கல்யாண ஆர்டர்களை எல்லாம் வேண்டாம் என்று சொல்லிவிட்டார்.

அவர் நீட்டிய ஒப்பந்தத்தைப் புரட்டினேன். முதல் பக்கம் பிரமாதம். விறகடுப்பில்தான் சமைக்க வேண்டும். மூடிமேல் தணல் கொட்டித்தான் தம் போட வேண்டும். அதுவும் ஹோட்டல் தோட்டத்திலேயே. டூரிஸ்ட்டுகள் போட்டோ எடுக்க வேண்டாமா?

கடைசிப் பக்கத்தில் ஒரு வரி... 'சப்ளையர் எப்போதும் கார்பன் நியூட்ரலாக இருக்க வேண்டும். தவறினால் ஒப்பந்தம் உடனே ரத்து.'

அப்படியென்றால் என்ன? விறகை மட்டும் அளப்பதா, அரிசி ஏற்றி வந்த லாரியையுமா? விட்ட புகைக்கு ஈடாக மரம் நட்டால் போதுமா? போதும் என்று யார் சொல்வது? ஒரு விளக்கமும் இல்லை. பிடிக்காத அன்றைக்குப் பாயை வீட்டுக்கு அனுப்ப ஒரு சாக்கு — அவ்வளவுதான். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

ஹோட்டலின் சட்டப் பிரிவில் இருக்கும் ஷாலினி தெரிந்த பெண்தான். போன் போட்டேன். இந்த வரியை இப்போது எல்லாரும் போடுகிறார்கள், மேலதிகாரியும் போடச் சொன்னார் என்றாள். விடவில்லை நான். மறுநாள் ஒரு விளக்கம் அனுப்பினாள்: ஹோட்டல் எதைக் கார்பன் நியூட்ரல் என்று கருதுகிறதோ, அதுவே கார்பன் நியூட்ரல்.

ஆஹா! நடுவரே கோல் போடுகிற ஆட்டத்தில் பாய்க்கு எதற்கு பூட்ஸ்?

"வேணும்னா கேஸ் அடுப்புல ஆக்கிடவா அக்கா?" என்றார் பாய், பாவம். அப்படிச் செய்தால் முதல் பக்கத்தை மீறியதாகிவிடும் என்றேன். தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார்.

சரி, விளக்கம்தானே வேண்டும்? நானே எழுதினேன். 'ஹோட்டல் தன் விருந்து ஹாலில் ஏர்கோனை எந்த அளவு குறைக்கிறதோ, அதே அளவு சப்ளையர் விறகைக் குறைப்பார். இதுவே கார்பன் நியூட்ரல்.' அந்த ஹாலுக்கு நீங்கள் போயிருக்கிறீர்களா? பட்டுப்புடவைக்கு மேல் ஸ்வெட்டர் மாட்டிக்கொண்டுதான் சாப்பிட முடியும்.

காலையில் அனுப்பினேன். மத்தியானமே பதில் வந்துவிட்டது — அந்த வரியே நீக்கப்படுகிறதாம்! பாய் என் வீட்டு மேசையிலேயே கையெழுத்துப் போட்டார். கண் கலங்கிவிட்டது மனிதருக்கு. எனக்கும்தான்.

மெர்டேக்கா விருந்துக்குப் போயிருந்தேன். தோட்டத்தில் பாய் வியர்க்க விறுவிறுக்கத் தணலை அள்ளிக் கொட்டிக்கொண்டிருக்கிறார். அவர் தலைக்கு மேலே பெரிய பேனர்: 'மலாக்காவின் கார்பன் நியூட்ரல் விருந்து!'

பக்கத்தில் ஷாலினி நின்றாள். ஒப்பந்தத்திலிருந்து எடுத்தாயிற்றே, இது மட்டும் எப்படியம்மா என்று கேட்டேன்.

சிரித்தாள். "பேனர்ல யாரும் கையெழுத்துப் போட மாட்டாங்க லா, ஆண்ட்டி."