சளி பிடித்த மெக்கானிக்

மனைவியோடு பத்து பகாட் நகருக்குப் போகும் வழியில் என் பழைய ஸ்போர்ட்ஸ் காருக்குள் பெட்ரோல் வாடை வீசியது. பாலோ என்ற ஊரில் ஒரு கார் பட்டறையில் நிறுத்தினேன். மெக்கானிக் குண்டு மனிதர், கடும் சளி. மீசையெல்லாம் தைலம். தும்மித் தும்மியே காருக்கடியில் புகுந்து, வெடித்திருந்த பெட்ரோல் குழாயை மாற்றினார்.

"எனக்கு மூக்கு அடைச்சிருக்கு. நீங்க மோந்து சொல்லுங்க."

"வாடையே இல்லண்ணே," என்றேன்.

"உங்க மூக்க நம்ப முடியாதுலா. கார் மேல ஆசை உள்ளவரு." என் மனைவியிடம் திரும்பினார். "அக்கா, நீங்க பாருங்க."

அவள் நிதானமாகக் குனிந்து மோந்தாள். "இல்ல," என்றாள், கொஞ்சம் ஏமாற்றத்தோடு.

அதற்குப் பிறகுதான் சாவியைக் கொடுத்தார். அவளுக்கு அந்தக் காரைப் பிடிக்காது என்று நாங்கள் இருவருமே அவரிடம் சொல்லவில்லை. அவருக்கு எப்படித் தெரிந்தது என்பது இன்னும் எனக்குப் புரியவில்லை.