ஏடிஎம்முக்குள் ஒரு கம்பளித் தொப்பி

திருநின்றவூரில் ரயிலை விட்டு இறங்கிப் பணம் எடுக்கப் போகிறேன். மே மாத வெயில் மண்டையைப் பிளக்கிறது. ஏடிஎம் அறைக்குள் நான்கு பெண்கள், ஒருவர் இடுப்பில் கைக்குழந்தை. அதன் தலையில் காதை மூடிய கம்பளித் தொப்பி!

"யக்கா, புள்ள வெந்துடப் போவுது!"

"அதான் ஏசில நிக்கிறோம். கதவ மூடு நைனா" என்கிறார் அவர்களில் ஒருவர், பக்கத்துக் கிராமத்து மகளிர் மன்றத் தலைவி.

நார்வேயில் இவர்களோடு நட்பாயிருக்கும் பெண்கள் மன்றம், இங்கே பிறக்கும் குழந்தைகளுக்காகக் குளிர்காலம் முழுக்கப் பின்னி அனுப்பிய தொப்பியாம். தொப்பி போட்ட குழந்தையின் போட்டோவை அங்கிருந்து கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். வெளியே வெயிலில் தொப்பியை மாட்டினால் குழந்தை வீறிடுகிறது. அழுகிற போட்டோவைப் பார்த்தால் பாவம், அவர்கள் முகம் வாடிவிடும்.

என் கையில் போனைத் திணிக்கிறார்கள். நான் விசிலடிக்கிறேன். குழந்தை சிரிக்கிறது, எடுத்துவிடுகிறேன். எடுத்த கையோடு தொப்பியைக் கழற்றிவிடுகிறார்கள்.

"பதிலுக்கு நீங்க இன்னா அனுப்புறீங்க?"

"பனையோல விசிறி. நாப்பது."

"அந்தக் குளிர்ல அத வெச்சுகினு அவங்க இன்னாக்கா பண்ணுவாங்க?"

"மே மாசத்துல நாங்க தொப்பி போட்டு போட்டோ எடுக்கல? அவங்களும் பனியில நின்னு வீசிகினு ஒண்ணு அனுப்பட்டும்."