வாகரைக் கிணற்றில் மூன்று அடுக்குப் பாசி

காணி அலுவலகத்துக்கு எதிரான எனது முறைப்பாடுகள்:

1. 2009 மார்ச் 9: வாகரை பரமேஸ்வரியின் கிணறு சுனாமிக்கு முந்தியது என்று காட்டும் அறிக்கையையும் பாசி மாதிரியையும் நேரில் ஒப்படைத்தேன். பற்றுச்சீட்டு என்னிடம் இருக்கிறது.
2. 2009 செப்டெம்பர் 14: மாதிரி "குப்பையென்று வீசப்பட்டுவிட்டது" என வாயால் சொன்னார்கள். எழுதித்தர மறுத்தார்கள்.
3. 2010 ஜனவரி 18: உத்தியோகத்தர் ஒருவர் கிணற்றை நான்கு நிமிடம் பார்த்து, "அண்மையில் கட்டியது" என்று எழுதிச் சென்றார்.

பாசி தேடிப் போகிறவர்களே இந்த வலைப்பதிவை அதிகம் படிக்கிறீர்கள். உங்களுக்காக நடந்ததை முதலிலிருந்து சொல்கிறேன்.

2009 ஜனவரியில், மாரி மழை ஓயுமுன், வாகரைக் கரையோரப் பாசிகளைப் பதிவு செய்யப் போனேன். பரமேஸ்வரியின் வளவில் கிணற்றைத் தவிர எதுவும் நிற்கவில்லை. வீட்டையும் கணவரையும் காணி உறுதிப் பத்திரத்தையும் கடல் ஒரே காலையில் கொண்டுபோனது. பிறகு யுத்தம் அவரைத் துரத்தியது. திரும்பி வந்தவரிடம், முன்பு இங்கே குடியிருந்ததற்கு ஆதாரம் கேட்டார்கள். அந்தக் காணியில் உல்லாச விடுதி கட்டத் திட்டமிருந்தது.

கிணற்றின் உட்சுவரில் பாசி மெத்தை போலப் படர்ந்திருந்தது. செங்கல் துணுக்கோடு இரண்டு துண்டுகளை வெட்டி எடுத்தேன். மேலே பச்சை. நடுவில் மெல்லிய வெண்கோடாகக் கடல் மணல். அதற்கும் கீழே கருத்து இறந்த பாசி. அலை வரும்போது அந்தச் சுவர் அங்கே நின்றிருக்கிறது. அதற்கு வேறு விளக்கம் எனக்குத் தெரியவில்லை.

ஒரு துண்டைக் களுவாஞ்சிக்குடியில் என் வீட்டு மண்தட்டில் வளர்த்தேன். வாவியோரத்துக் கிணற்று நீரின் உவர்ப்பில் அதன் பாதி கருகியது; மழைநீருக்கு மாற்றிய பின் மீதி பிழைத்தது. காய்ந்தால் இலையோரங்கள் உட்புறமாகச் சுருளும். ஒரு சொட்டு நீர் பட்டால் உடனே விரியும். இலைக்கக்கங்களில் விண்மீன் வடிவ நுண்மொட்டுகள். ஹையோஃபிலா இன்வொலூட்டா என்ற இனம். மணலுக்குக் கீழே இறந்து கிடந்ததும் அதே இனம்தான். மற்றத் துண்டே அலுவலகம் வீசியது.

மூன்றாவது முறைப்பாட்டில் உள்ள செய்தி கிடைத்ததும், ஜனவரி 23 சனிக்கிழமை, காலை 5.10 பஸ்ஸில் புறப்பட்டேன். மட்டக்களப்பில் பஸ் மாறி ஓட்டமாவடிக்கு 8.05. அங்கிருந்து வாகரைக்கு முச்சக்கர வண்டி, 1,800 ரூபாய். பனிச்சங்கேணிப் பாலம் தாண்டும்வரை பாதை குண்டும் குழியுமாகவே கிடக்கிறது.

"சேர், கடலுக்குப் போறாக்கள் மீனோட வருவாங்க. நீங்க பாசிக்குக் காசு குடுத்துப் போறீங்க," என்றார் சாரதி ஹனீபா.

9.50க்கு இறங்கினேன். கிணறு பால்போல வெளுத்திருந்தது.

"தங்கச்சி, என்ன இது?"

"பெரியாக்கள் வாறாங்க, வளவத் துப்பரவா வைச்சிருங்க எண்டு காணிக் கந்தோரால கடுதாசி வந்திச்சு சேர்," என்றார் பரமேஸ்வரி. "ஊத்தைக் கிணத்தையா காட்டுற? ரெண்டு நாள் உள்ளுக்கு இறங்கித் தும்பால தேய்ச்சன். மறுகா சுண்ணாம்பும் அடிச்சன். வந்தவர் வடிவா இருக்கெண்டு சொன்னவர்."

அறிக்கையை ஆங்கிலத்தில் ஒன்பது பக்கம் எழுதியவன் நான். பாசியில் கைவைக்க வேண்டாம் என்று இவரிடம் தமிழில் ஒரு வாக்கியம் சொல்லியிருக்கவில்லை. அன்றுதான் சொன்னேன்.

பரமேஸ்வரி கிணற்றுக்குள் எட்டிப் பார்த்தார். "அப்ப அந்த ஊத்தைதானா சேர் என்ட உறுதி?" என்று கேட்டுச் சிரித்தார். ஹனீபா தலையைத் திருப்பிக்கொண்டார்.

கயிறு கட்டி இறங்கினேன். நீர்மட்டத்துக்கு ஒரு முழம் மேலே, இரண்டு செங்கற்களுக்கு இடையில், தும்பு நுழையாத வெடிப்பில் ஒரு விரல்நக அளவு மிஞ்சியிருந்தது. பச்சை, மணல், கறுப்பு. படமெடுத்துவிட்டு அப்படியே விட்டேன். பெயர்த்தெடுத்தால் அது வெறும் பாசி. அந்தச் சுவரில் இருந்தால்தான் சாட்சி.

போகிறவர்களுக்கு: மார்கழி, தை மாதங்களில் போங்கள். கடதாசி உறையும் மழைநீரும் கொண்டுபோங்கள். வாகரையில் கடைசி பஸ்ஸை நம்ப வேண்டாம். ஒருவருடைய சுவரில் எதைக் கண்டாலும், அது என்னவென்று அவருடைய மொழியில் அவருக்குச் சொல்லிவிட்டுத் திரும்புங்கள். நான் சொல்லாததன் விலையை இன்னொருவர் கட்டுகிறார்.

காணி அலுவலகத்துக்கு: மார்ச் முதலாம் திகதி வேலி போட ஆட்கள் வருவார்கள் எனப் பரமேஸ்வரிக்கு அறிவித்திருக்கிறீர்கள். அதற்குமுன் கிணற்றை மீண்டும் பரிசோதிக்க வேண்டும். மண்தட்டோடு நானும் வருவேன். வெயிலில் பாசி சுருண்டிருந்தால் காத்திருக்கத் தேவையில்லை. ஒரு போத்தல் மழைநீர் என்னிடம் இருக்கும். இறங்குவதற்குக் கயிறும் நானே கொண்டுவருகிறேன். பரிசோதிக்கும் நாளையும், இறங்கப்போகும் உத்தியோகத்தரின் பெயரையும் குறிப்பிட்டு, கையொப்பமிட்ட எழுத்துமூலப் பதில் 2010 பெப்ரவரி 26, வெள்ளிக்கிழமை, பிற்பகல் 4 மணிக்கு முன் பரமேஸ்வரியின் கையில் இருக்க வேண்டும். தமிழில்.