அட்டையில் அம்மாவின் தோளில் இருக்கும் கை

அம்மாவின் முதலாண்டு நினைவுத் திருப்பலிக்கு வந்திருக்கும் உறவுகளுக்கும், முதுநகர் பங்கு மக்களுக்கும், சேத்தியாத்தோப்பிலிருந்து வேன் வைத்து வந்தவர்களுக்கும் வணக்கம்.

இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியதும் ஒன்றைக் கேட்பீர்கள். அட்டையில் அம்மா சிரிக்கிறார். கழுத்தில் ஒரு மெடல். தோளில் ஒரு கை. கை மட்டும்தான் இருக்கிறது, ஆளைக் காணோம். யார் கை அது என்று ஆளாளுக்குக் கேட்டால் ஆளாளுக்குப் பதில் சொல்ல என்னால் ஆகாது. அதனால் எழுதுகிறேன். அந்தக் கைக்காரன் பெயரை இந்த மலரில் எந்த இடத்தில் போடுவது என்பதுதான் ஒரு வாரமாக எனக்கு இருந்த கவலை. பெயர் கடைசியில் வரும்.

நான் எட்டாவதோடு நின்றவன். துறைமுகத்திலிருந்து சிதம்பரம் மார்க்கெட்டுக்கு மீன் லோடு அடிக்கிறேன். எனக்கு வருகிற மாதிரி எழுதியிருக்கிறேன்.

அம்மா பிறந்தது சேத்தியாத்தோப்புக்குப் பக்கத்தில், வெள்ளாற்றங்கரையில். பெண் பிள்ளைகள் நிறைந்த வீடு. பத்தாவது வரை படித்தார். எங்கள் இரண்டு பக்கத்துக்கும் அன்றைக்கு அதுதான் பெரிய படிப்பு. கல்யாணமாகி முதுநகர் வந்தார். அப்பாவுக்குத் துறைமுகத்தில் ஐஸ் உடைத்துப் படகில் ஏற்றுகிற வேலை. நான் பிறந்த கொஞ்ச நாளில் அப்பா படகில் வழுக்கி விழுந்தார். இடுப்பு போய்விட்டது. அதன் பிறகு வீட்டில் அடுப்பு எரிந்த நாளும் உண்டு, எரியாத நாளும் உண்டு.

கான்வென்ட்டில் இருந்த ஒரு சிஸ்டர், இத்தாலியில் ஒரு வீட்டில் பச்சைக் குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஆள் கேட்கிறார்கள் என்றார். போகத் துணிந்தவர் ஒருவரும் இல்லை. அம்மா துணிந்தார். நான் அப்போது தவழ்ந்துகொண்டிருந்தேன். என்னை அப்பாவின் அக்காவான அத்தையின் இடுப்பில் கொடுத்துவிட்டு பஸ் ஏறினார் என்பார்கள். எனக்கு ஞாபகம் இல்லை. அத்தைதான் என்னை வளர்த்தார், தன் மகனோடு சேர்த்து.

நான் முதன்முதலாக நடந்த சேதியை அப்பா எஸ்.டி.டி. பூத்திலிருந்து அம்மாவுக்குச் சொன்னாராம். அத்தை கூட நின்றிருக்கிறார்.

"புள்ள நடந்துட்டான்."

"யாருகிட்ட நடந்து போனான்?"

"அக்காகிட்ட."

அந்தப் பக்கம் சத்தமே இல்லையாம். "மீட்டர் ஓடுது, பேசு" என்று அப்பா கத்தியிருக்கிறார்.

அங்கே அந்த வீட்டுப் பிள்ளைக்குக் கால் பலம் கம்மி. நடக்கிற வயசு தாண்டியும் நிற்கவில்லை. அவனைப் பெற்றவர்கள் கடை வைத்திருந்தார்கள். பகல் பூராவும் அவன் எங்கள் அம்மாவிடம்தான் இருப்பான். அம்மா அவனுக்கு இரண்டு விரலைக் கொடுத்து, காலையிலும் சாயங்காலத்திலும் வீட்டுக்குள்ளேயே நடத்தினார். ஒரு நாள் நடந்துவிட்டான். நடந்தவன் அதோடு நிற்கவில்லை. பெரியவனாகி நடைப் போட்டிக்குப் போனான். இத்தாலி நாட்டுக்காக நடந்து, ஐரோப்பிய நாடுகள் எல்லாம் வந்த போட்டியில் வெண்கலம் வாங்கினான். அவன் டீமில் இன்னும் இரண்டு பேர். அவர்களும் வெளிநாட்டுப் போட்டிகளில் மெடல் வாங்கியவர்கள். போட்டிக்குப் போகும் முன்னால் அம்மா மூன்று பேருக்கும் எலுமிச்சை சாதம் கிளறிக் கொடுப்பாராம். மூன்று பேரும் அவரை அம்மா என்றுதான் கூப்பிடுவார்களாம்.

எனக்கு இருந்தது ஒரு அம்மா. அந்த அம்மாவுக்கு இத்தாலியில் ஒரு டீமே இருந்தது.

சில வருஷத்துக்கு ஒரு தடவை அம்மா வருவார். பெட்டி நிறைய சாக்லேட் இருக்கும், அவன் போட்டோவும் இருக்கும். ஒரு தடவை அவன் சின்ன வயசுப் போட்டியில் வாங்கிய மெடல் ஒன்றையும் கொண்டுவந்தார். அவனே கொடுத்தானாம். வீட்டில் மாதா படத்துக்குப் பக்கத்தில் ஆணி அடித்து மாட்டினார். தெருவில் உள்ளவர்கள் வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். அத்தை மகன், என் மச்சான், அதைக் கையில் தூக்கிப் பார்த்தான்.

"இன்னா மாமி இது, நடந்ததுக்கு மெடலா? நான் தினம் செம்மண்டலத்துலேர்ந்து ஹார்பருக்கு நடந்துதான் வரேன். எனக்கு ஒருத்தனும் ஒரு டீ வாங்கித் தரல."

"நீ நடக்கறது நடையாடா? தள்ளாடிக்கிட்டு வர்ற. ஒரு காலு எப்பவும் தரையில இருக்கணும். முட்டி மடங்கக் கூடாது. மீறினா சீட்டு காட்டி வெளிய அனுப்பிடுவாங்க."

சொன்னதோடு விடவில்லை. எழுந்து இடுப்பை ஆட்டி ஆட்டிக் கூடத்தில் நடந்தே காட்டினார். மச்சான் தரையில் உருண்டு சிரித்தான். நானும் சிரித்தேன். வயிறு எரிந்தது. அந்த நடையை எத்தனை காலம் பக்கத்தில் நின்று பார்த்திருந்தால் இப்படி அச்சாக நடந்து காட்ட முடியும்.

அம்மாவைப் பற்றிக் குறை சொல்ல எனக்கு ஒன்றும் இல்லை. அப்பாவின் வைத்தியம், நாங்கள் இருக்கிற வீடு, நான் ஓட்டுகிற வண்டி, அத்தை வீட்டுக் கல்யாணம், எல்லாம் அவர் உழைப்பு. ஒரு நாளும் சொல்லிக் காட்டியதில்லை. யார் வீட்டில் சாவு என்றாலும் முதல் ஆளாகச் சாப்பாடு கொண்டுபோய்க் கொடுப்பார்.

அப்பா இறந்த பிறகு ஒரேயடியாக ஊருக்கு வந்துவிட்டார். வந்தும் என்ன. தினமும் சாயங்காலம் அவன் வீடியோ காலில் வருவான். எனக்குத் தெரியாத மொழியில் அம்மா சத்தமாகச் சிரிப்பார். என்னம்மா சொல்கிறான் என்று கேட்டால், "ஒண்ணுமில்லப்பா, அது சொன்னா புரியாது" என்பார். நான் வெளியே போய் வண்டி கழுவுவேன். கழுவின வண்டியைத் திரும்பவும் கழுவியிருக்கிறேன்.

போன வருஷம் அம்மாவுக்கு இடது பக்கம் இழுத்துக்கொண்டது. சிதம்பரம் பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். அவன் உடனே கிளம்பி வருகிறேன் என்றான். அம்மாதான் போனில் தடுத்தார். முக்கியமான போட்டி இருக்கிறது, முடித்துவிட்டு வரட்டும் என்றார். எனக்கு அது சந்தோஷமாக இருந்தது. இருந்ததை இல்லை என்று எழுத மாட்டேன்.

கொஞ்சம் தேறியதும் நடக்கப் பழக்கச் சொன்னார்கள். வார்டு வராந்தாவில் நர்ஸம்மா ஒரு பக்கம் அம்மாவைப் பிடித்துக்கொண்டார். நான் ஜன்னல் பக்கம் எதிரே நின்றேன்.

"உங்க புள்ளகிட்ட போங்க பாட்டி, பயப்படாதீங்க" என்று நர்ஸம்மா கையை விட்டார்.

அம்மா என்னைப் பார்த்துக்கொண்டே காலை இழுத்து இழுத்து வந்தார். வந்து என் சட்டையைப் பிடித்துக்கொண்டார்.

"இன்னாடா, எனக்கு மெடல் இல்லையா?"

"வீட்டுக்கு வா, மாட்டி விடறேன்."

வீட்டுக்கு வரவில்லை. மறுபடியும் இழுத்துக்கொண்டது. சாமியார் கையால் நல்லபடியாக அவஸ்தைப்பூசுதல் எண்ணெய் வாங்கி, என் கையில்தான் உயிர் போனது. அவனால் அடக்கத்துக்கு வந்து சேர முடியவில்லை. அந்தப் போட்டியில் அவன் நான்காவதாக வந்தான் என்று பிறகு தெரிந்தது. மெடல் இல்லை.

இந்த மலருக்கு அட்டைப் படம் தேடினோம். எங்களோடு எடுத்த படத்தில் எல்லாம் அம்மா ரேஷன் கார்டுக்கு நிற்கிற மாதிரி நிற்கிறார். வாய் நிறையச் சிரிக்கிற படம் ஒன்றுதான் கிடைத்தது. வெண்கலம் வாங்கின அன்றைக்கு அவன் அதை அம்மா கழுத்தில் போட்டுவிட்டுப் பக்கத்தில் நிற்கிற படம்.

"ஆளை வெட்டிடுப்பா" என்றேன் அச்சகத் தம்பியிடம்.

"வெட்டிடலாம்ணே. கை அம்மா தோளு மேல இருக்குது பாருங்க. கையை எடுத்தா தோளும் போயிடும்."

"கை இருக்கட்டும். ஆளை வெட்டு."

அட்டை அச்சாகி வந்துவிட்டது. அதற்குப் பிறகு போன வாரம் அவன் வந்தான்.

கடலூர் பஸ் ஸ்டாண்டுக்கு லோடு வண்டியை எடுத்துக்கொண்டு போனேன். நெட்டையாக, ஒல்லியாக இறங்கினான். என்னைவிட ஒரு வயசு சின்னவன். என்னைக் கட்டிப் பிடித்துக்கொண்டு கேட்டான்:

"சாப்ட்டியா கண்ணு?"

பஸ் ஸ்டாண்டே திரும்பிப் பார்த்தது.

அவனுக்குத் தமிழ் தெரியும் என்று அம்மா சொன்னதில்லை. தமிழ் என்றால் பெரியவர்கள் பேசுகிற தமிழ் இல்லை. குழந்தையிடம் பேசுகிற பேச்சு மட்டும்தான். வீட்டுக்கு வந்து அத்தை வாயருகே ஸ்வீட்டை நீட்டி, "ஆ காட்டு, காக்கா தூக்கிட்டுப் போயிடும்" என்றான். அத்தை முதலில் சிரித்தார். பிறகு முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார்.

"டேய், இது உங்கம்மா பேச்சுடா. குரல்கூட அப்பிடியே இருக்குது."

மச்சானுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. "மச்சான், இங்க பாருடா, ஷூவ மாட்டுன்னு சொல்றான், மாட்டினா சமத்துங்கிறான்!"

எல்லோரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்தப் பேச்செல்லாம் எனக்கு வந்திருக்க வேண்டியது. என் காதில் விழாத அம்மா பேச்சு அத்தனையும் அவன் வாயில் இருந்தது.

மேசையில் இந்த அட்டைக் கட்டு கிடந்தது. ஒன்றை எடுத்துப் பார்த்தான். தன் கையை அந்தக் கைக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தான். "என் கை" என்றான். நான் டீ வாங்கப் போய்விட்டேன்.

சாயங்காலம் இருவரும் கல்லறைக்குப் போனோம். மெழுகுவர்த்தி ஏற்றினோம். அவன் செல்போனில் தன் மொழியில் பேசினான். போன் அதைத் தமிழில் மாற்றி, செய்தி வாசிக்கிற பெண் குரலில் கேட்டது: "இறுதியில் அவர் நடந்தாரா? யாரிடம் நடந்து சென்றார்?"

"என்கிட்ட" என்றேன். அது போனுக்கு விளங்காமல் போனாலும் அவனுக்கு விளங்கியது. சிதம்பரம் வராந்தாவைக் கையைக் காலை ஆட்டிச் சொன்னேன். காலை இழுத்துக்கொண்டு வந்ததை நடந்து காட்டினேன். அவன் கல்லறை ஓரத்தில் உட்கார்ந்துவிட்டான். மறுபடி போனில் பேசினான். அந்தக் குரல் சொன்னது: "எனக்கு உங்கள் மீது பொறாமையாக உள்ளது."

என்மேல் பொறாமைப்பட உலகத்தில் ஒருத்தன் இருப்பான் என்று அதுவரை எனக்குத் தெரியாது.

திரும்பும்போது மழை பிடித்துக்கொண்டது. கல்லறைத் தோட்டத்து வழி ஒரே சேறு. என் செருப்பு வழுக்கியது. முன்னால் போனவன் நின்று இரண்டு விரலை நீட்டினான்.

"புடி கண்ணு. மெதுவா. விழுந்தா இன்னா, எந்திரிச்சிக்கலாம்."

பிடித்துக்கொண்டேன். சேறு ஜாஸ்தி.

மறுநாள் அச்சகத் தம்பி போன் பண்ணினான். "அண்ணே, உள் பக்கம் முடிக்கப்போறேன். அந்த இத்தாலிக்காரர் பேரு நன்றி பக்கத்துலதானே?"

"இரு, எழுதித் தரேன்" என்றேன். எழுதிக் கொடுத்தது இதுதான். அட்டையை மாற்ற நேரமில்லை. உள்ளே முழுப் படத்தையும் போடச் சொல்லிவிட்டேன்.

அம்மாவுக்கு அன்று வழி காட்டிய சிஸ்டருக்கும், சிதம்பரத்தில் பார்த்துக்கொண்ட டாக்டர்களுக்கும், கையை விட்டு நடக்க வைத்த நர்ஸம்மாவுக்கும், ஆம்புலன்ஸ் ஓட்டியவருக்கும், பங்குத் தந்தைக்கும், பாடல் குழுவுக்கும், அடக்கத்தன்று தோள் கொடுத்த ஹார்பர் நண்பர்களுக்கும், அழுத எல்லோருக்கும் எங்கள் நன்றி.

அத்தைக்கும் மச்சானுக்கும் நன்றி சொல்லவில்லை. வீட்டு ஆளுக்கு நன்றி சொல்லும் பழக்கம் நம்மிடம் இல்லை. லூக்காவுக்கும் சொல்லவில்லை. அவன் பெயர் கடைசிப் பக்கத்தில், மகன்கள் என்ற இடத்தில் இருக்கிறது. என் பெயருக்குக் கீழே. நான்தான் மூத்தவன்.