தெளியாத பீரும் ஸ்டெல்லா அக்காவும்

மின்சார ரயில் எண்ணூருக்கு முன்னால் சிக்னலில் நின்றிருந்தபோது லேபிலிருந்து போன் வந்தது. "ஸ்டெல்லா மேடம் போயிட்டாங்க பரீதா. காலைல நெஞ்சு வலின்னாங்களாம், ஆஸ்பத்திரிக்குப் போறதுக்குள்ள முடிஞ்சிருச்சாம்." எனக்கு முதலில் அழுகை வரவில்லை. கோபம்தான் வந்தது. எங்களுக்குள் ஒரு சண்டை ஐந்து வாரமாகத் தீராமல் கிடந்தது. அதை அப்படியே விட்டுவிட்டு எப்படிப் போகலாம் என்று தோன்றியது.

மீஞ்சூர் பக்கத்துத் தொழிற்சாலை ஒன்றின் தண்ணீர்ப் பரிசோதனைக் கூடத்தில் நானும் ஸ்டெல்லா அக்காவும் பதினேழு வருடம் பக்கத்துப் பக்கத்து மேசை. அங்கே இருந்தவர்களுக்கு அவரைப் பற்றி நான் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் அவர் வீட்டில் பீர் காய்ச்சியது பலருக்குத் தெரியாது. சட்டம் அதை அனுமதிக்காது என்பதால் எழுதலாமா என்று அவர் கணவர் சேவியர் அண்ணனிடம் கேட்டேன். "எழுதும்மா. இனிமே அவள யாரு புடிச்சினு போவப் போறாங்க?" என்றார்.

லேபில் அவரை எல்லோரும் நினைவில் வைத்திருப்பது ஒரு சம்பவத்துக்காக. கேன்டீனுக்குப் போகும் தண்ணீர் ஒருநாள் கலங்கலாக இருந்தது. தொட்டியின் மேல்மட்டத்திலிருந்து இன்னொரு சாம்பிள் எடுத்து எழுதிவிடச் சொன்னார் மேலதிகாரி. "மேல இருந்து எடுத்தா எல்லாத் தண்ணியும் தெளிவாத்தான் சார் கீது. கேன்டீன் குழாய் அடியில இருந்து வருது. நான் அடியிலதான் எடுப்பேன்" என்றார் அக்கா. அதற்காக அவரை ஆறு மாதம் ஸ்டோருக்கு மாற்றினார்கள். திரும்பி வந்த பிறகும் அடியிலிருந்துதான் எடுத்தார்.

சேவியர் அண்ணன் கப்பலில் எஞ்சின் வேலை பார்த்தவர். கடைசிப் பயணத்தில் பீர் அடைத்து வைக்கும் ஒரு ஸ்டீல் கெக் வாங்கி வந்தார். சின்ன கேஸ் சிலிண்டர் மாதிரி இருக்கும். மேலே வாயுவை அடைத்தால், உள்ளே அடிவரைக்கும் இறங்கியிருக்கும் குழாய் வழியாக பீர் ஏறிக் குழாய்வாயில் கொட்டும். ஸ்டெல்லா அக்கா அதற்காகவே பழைய பிரிட்ஜ் ஒன்று வாங்கினார். அவர் காய்ச்சிய பீரின் மணம் நன்றாக இருந்தது, ருசியும் நன்றாக இருந்ததாம். நான் குடிப்பவள் இல்லை. "நீ குடிக்க வேணாம்டி. கண்ணால பார்த்துச் சொல்லு, அது போதும்" என்பார். பார்த்தால் ஒவ்வொரு முறையும் கலங்கல்.

அவர் மகளின் நிச்சயதார்த்த விருந்தில் சேவியர் அண்ணனின் தம்பி கிளாஸைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "இன்னா அண்ணி, கஞ்சியா?" என்றார். பந்தியே சிரித்தது. அக்காவும் சிரித்தார். ஆனால் அன்றிலிருந்து அவருக்கு வேறு நினைப்பே இல்லை. நாளெல்லாம் ஆயிரக்கணக்கான லிட்டர் தண்ணீர் தெளிந்ததா என்று பார்த்துக் கையெழுத்துப் போடுகிற பெண்ணுக்கு, சொந்த வீட்டில் ஒரு கெக் தெளியவில்லை.

நான் சொன்ன எதையும் அவர் கேட்கவில்லை. கொஞ்சம் ஜெலட்டின் போடுங்கள், கலங்கலைக் கீழே இழுத்துவிடும் என்றேன். "மருந்து போட்டுத் தெளிய வெக்க அது நம்ம தண்ணி பிளான்ட்டா? தானா தெளியணும்டி." இரண்டு கெக் வீணான பிறகு ஜெலட்டின் போட்டார், அதுவும் கரண்ட் போய் கெக் சூடாகக் கிடந்த நாளில். குளிர்ச்சி இல்லாமல் அது வேலை செய்யாது என்று அவருக்கே தெரியும். ஞாயிற்றுக்கிழமை தோறும் காசிமேட்டிலிருந்து வஞ்சிரம் வரும். மீனுக்கு இடம் விட கெக்கை வெளியே எடுத்து வைப்பார். வாரம் முழுக்க அடியில் படிந்த வண்டல் ஒரு நொடியில் கிளம்பிவிடும். போதாக்குறைக்கு அவர் வீடு இருந்த ராயபுரத்து ரோட்டில் கண்டெய்னர் லாரி போகும்போதெல்லாம் பிரிட்ஜே அதிரும். "அசைக்காம வையுங்கக்கா" என்று கத்திக் கத்தி எனக்குத் தொண்டை வறண்டது.

மகளுக்குக் கல்யாணமாகி ஒரு வருடம் ஆகும்வரை இப்படியே ஓடி, கடைசியில் கெக்கைத் திறந்து பார்த்தோம். குழாயின் நுனி வண்டலுக்குள்ளேயே நின்றிருந்தது. ஒரு கட்டைவிரல் அளவு அறுத்துவிட்டால் போதும், மேலே தெளிந்தது மட்டும் வரும் என்றேன்.

"மேல கீறத மட்டும் எடுத்துக் காட்டினா அது ஏமாத்துடி."

"அது கேன்டீன் தண்ணி அக்கா. இது பீரு!"

"எதுவா இருந்தா இன்னா?"

எனக்குப் பொறுக்கவில்லை. "உங்களுக்கு பீர் தெளியணும்னு இல்லை. உங்க பிடிவாதம் ஜெயிக்கணும். ஸ்டோருக்குப் போனதும் அதனாலதான்" என்றேன். அந்தக் கடைசி வாக்கியத்தைச் சொல்லியிருக்கக் கூடாது. அவர் கெக்கின் மூடியை மெதுவாக வைத்துவிட்டு, "ரயிலுக்கு நேரமாச்சு, கெளம்பு" என்றார். அதற்குப் பிறகு லேபில் வேலைக்கு வேண்டியதை மட்டும் பேசிக்கொண்டோம். சில நாளிலேயே அவர் மகளின் பிரசவத்துக்காக நீண்ட விடுப்பில் போனார்.

அடக்கம் முடிந்து பத்து நாள் கழித்து வீட்டுக்குப் போனேன். சேவியர் அண்ணன் என்னைக் கேட்காமலே பிரிட்ஜைத் திறந்து ஒரு கிளாஸ் பீர் பிடித்து நீட்டினார். கிளாஸுக்கு அந்தப் பக்கம் இருந்த அவர் சட்டைப் பொத்தான்கள் ஒவ்வொன்றும் தெரிந்தன.

"நீ போன மறுவாரமே அவளே ஹேக்ஸா பிளேடு எடுத்து அறுத்துட்டா" என்றார். "மீனைப் பக்கத்து வூட்டு பிரிட்ஜ்ல வெக்கச் சொல்லிட்டா. பதினஞ்சு நாள் யாரையும் தொட விடல. அப்பறம் கிளாஸுக்குப் பின்னால பேப்பரை வெச்சு ஒவ்வொரு எழுத்தா படிச்சா. 'பரீதாவுக்குக் காட்டணும்'னு சொல்லிகினே இருந்தா."

"ஒரு போன் பண்ணியிருக்கலாமே அண்ணா?"

"நானும் அதத்தான் சொன்னேன். 'அவ மொதல்ல பண்ணட்டும்'னா."

நானும் வீட்டில் அதையேதான் சொல்லிக்கொண்டிருந்தேன்.

அண்ணன் கிளாஸை மேசை மேல் வைத்துவிட்டு, "எப்டி கீது, சொல்லு" என்றார். நன்றாகத் தெளிந்திருக்கிறது என்றேன். அவர் தலையாட்டிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அந்தப் பதிலைக் கேட்க வேண்டியவர் அவர் இல்லை என்பது எங்கள் இருவருக்கும் தெரிந்திருந்தது.

நினைவாக ஏதாவது எடுத்துக்கொள் என்றார். நான் எதையும் எடுக்கவில்லை. ஸ்டெல்லா அக்காவின் மேல் எனக்கு உள்ள கோபம் என்னிடம் இருக்கிறது. அதைவிடப் பெரிதாக, போனைக் கையில் வைத்துக்கொண்டு ஐந்து வாரம் காத்திருந்த என் மேல் உள்ள கோபமும் இருக்கிறது. இரண்டையும் வைத்துக்கொள்கிறேன்.