அறிவுக்கு ஒரு ஆமென்

எழுபதுகளில் தூத்துக்குடியில் மதத்தைத் திட்டுவதற்கென்றே ஒரு சங்கம் இருந்தது. உப்புக் குடோன் மாடியில் ஞாயிற்றுக்கிழமை காலையில், சரியாக மாதா கோவில் பூசை நேரத்தில் கூடும். தலைவர் சாமியாருக்குப் படிக்கப் போன குருமடத்திலிருந்து பாதியில் ஓடிவந்தவர். அங்கியைக் கழற்றினாரே தவிர பிரசங்கக் குரலைக் கழற்றவில்லை.

நான் புன்னைக்காயல்காரி, கிறிஸ்தவ வீட்டுப் பெண். வீட்டுக்காரர் உடன்குடிக் கருப்பட்டி வியாபாரியின் மகன். அவர் ஞானஸ்நானம் வாங்காமல் கோவிலுக்குள் வராதே என்றார் எங்கள் பங்குச்சாமியார். திருநீறு பூசாமல் படியேறாதே என்றார் மாமனார். குடியிருக்க ஓர் அறை தந்தது சங்கம்தான், அதே குடோனின் பின்கட்டில். அதையும் விட்டால் எங்களுக்குத் தெருதான்.

அதனால் கூட்டத்தில் போய் உட்கார்ந்தேன். மதம் வெறும் அறியாமை, அறிவு வந்தால் ஓடிவிடும் என்பது ஒரு கட்சியாம். மதம் பலசாலியின் கைத்தடி, பதிலுக்குத் தடியெடுத்தால்தான் ஒடியும் என்பது இன்னொரு கட்சியாம். தலைவர் இரண்டையும் எடைபோட்டு, "நம்ம வழி அறிவு மட்டும்தான். பலாத்காரம் மதத்தோட வழி" என்று தீர்ப்புச் சொன்னார். அந்த அறிவைப் புகட்டிய அழகு இருக்கிறதே! கோவிலில் கேள்வி பதிலை ஒப்பிக்கவைக்கும் ஞானோபதேச வகுப்பேதான். கடவுள் உண்டா? இல்லை. மோட்சம் உண்டா? இல்லை. ஒரு வார்த்தை பிசகினால் முறைப்பார்.

ஒரு ஞாயிறு அவர் கையை விரித்து, "அறிவே நமக்கு வழி" என்று இழுத்து முடித்தார். கடற்கரைக் கிறிஸ்தவ வீடுகளில் பிறந்த நாங்கள் பாதிப்பேர் பழக்கதோஷத்தில் "ஆமென்" என்றோம். என் உடன்குடிக்காரர் மட்டும் விழுந்து விழுந்து சிரித்தார்.

தலைவருக்கு முகம் சிவந்துவிட்டது. அந்தக் கோபத்துக்கு என் கழுத்து அகப்பட்டது.

"ஏளா, அந்தத் தாலியக் கழத்து. அடிமைச் சின்னம்."

வேர்வையில் அந்தக் கயிறு அரித்துக்கொண்டுதான் இருந்தது. கழற்றிவிடலாமென்று நானே நினைத்திருந்தேன்.

"யோசிச்சு சொல்லுதேன் அண்ணாச்சி."

"இதுல யோசிக்க என்ன இருக்கு? கழத்தலன்னா ரூமக் காலி பண்ணு."

யோசிக்காதே என்கிறது பகுத்தறிவு! சாமியாரும் மாமனாரும் பரவாயில்லை. மிரட்டத்தான் மிரட்டினார்கள், அதற்கு அறிவு என்று பெயர் வைக்கவில்லை.

"அவிய வாசல்ல நிறுத்திக் கேட்டாவ. நீங்க உள்ள கூப்பிட்டுக் கேக்கிய. ரூம நீங்களே வச்சுக்கிடுங்க."

பெட்டியைத் தூக்கிக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்குப் போனோம். போக்கிடம் தெரியவில்லை. பெட்டிமேல் உட்கார்ந்து வீட்டுக்காரரிடம், "இது அரிக்குது, கழத்தட்டுமா?" என்றேன்.

"உன் கழுத்துதான? என்கிட்ட எதுக்குக் கேக்க?"

கழற்றிப் பெட்டிக்குள் போட்டேன்.